ஆர்லனின் கூடத்துக் கடல்

ஆர்லன் கடலைப் பார்த்ததில்லை. கண்டத்தின் நடுவே இருக்கும் அவர் ஊரான மைனாட்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கடல் வர நாள்கணக்காகும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பனி. குளிர்காலம் முழுக்க ஊர்ச் சாலைகளில் முன்னால் பனியைத் தள்ளி, பின்னால் மிச்சப் பனி உருக உப்பைத் தூவிக்கொண்டே போகும் லாரி அவருடையது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை ஓயாமல் இறங்கும்போது, தான் ஏதோ தண்ணீருக்கடியில் போவது போல் அவருக்குத் தோன்றும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பல் பிடுங்கப் போன இடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தவர், தன் பெயரைக் கூப்பிட்டதுகூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவர் வீட்டுக் கூடத்திலும் ஒரு தொட்டி.

லாரிக் கொட்டகையில் கூட வேலை பார்க்கும் டுவேன் சும்மா விடுவானா?

"என்ன கேப்டன், உப்பைப் போயி காசு குடுத்து வாங்குறியாமே? நம்ம குவியல்ல ரெண்டு மண்வெட்டி அள்ளிட்டுப் போயேன்."

"அது வேற உப்புடா."

"மீன் வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

அவசரம்தான் முதல் தப்பு. புதுத் தண்ணீரில் மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும், அதுவரை மீன் விடக் கூடாது என்று கடைக்காரப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆர்லன் மறுநாளே ஒரு நீல மீனை விட்டார். அந்த வாரத்திலேயே அது மிதந்தது. வெளியே நிலம் இரும்பாக உறைந்திருந்ததால் புதைக்கவும் வழியில்லை. அவர் மனைவி மேவிஸ் அதைக் காகிதத்தில் சுற்றி, ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னொண்ணு செத்துச்சுன்னா தொட்டியும் போகணும், ஆர்லன். சாவைப் பாத்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது."

"சரி மேவிஸ்."

"சரியெல்லாம் வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணினார்.

பிறகு காத்திருந்தார். வாரக்கணக்கில் மீனே இல்லாத தண்ணீர். விளக்கொளி அதில் நெளிந்து சுவரெல்லாம் ஊர்ந்தது. கடலிலிருந்து வந்த பாறைகளில் பழுப்பு படர்ந்தது, மங்கியது, பச்சை வந்தது. ஒரு நாள் பாறைத் துளையிலிருந்து ஏதோ ஓர் உயிரின் கால் மயிரிழை மாதிரி நீண்டு, எதையோ தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

"வெறுந்தண்ணிய இப்படிப் பாக்குற மனுஷன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்றாள் மேவிஸ். சொன்னவள் கையில் ஈரத்தட்டோடு அங்கேயே நின்றாள்.

கடைசியில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஒன்று வந்தது. நீந்துவதைவிட அசைந்தாடுவதுதான் அதற்கு அதிகம். வேலை முடிந்து வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆர்லன் அதன் எதிரே உட்காருவார். வெளியே பனி, உள்ளே மீன், நடுவே பாதித் தூக்கத்தில் அவர்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடந்தது. தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் இறங்கியது. சாலையில் போட்ட உப்பு தங்காது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். இத்தனை குளிர்காலமாக அவர் கை பழகியது அதற்குத்தான். அதனால் இறங்கிய அளவுக்கு உப்புத் தண்ணீரையே கலந்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற மனசுக்கு நிறைவாக இருந்தது. முதல் நாள் அளந்துவிட்ட உப்பை மறுபடி அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மீன் இரையைத் தொடுவதை நிறுத்தியது. மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கியது.

"சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் மேவிஸ், மெதுவாக.

"இன்னும் சாகல."

மறுநாள் பெரிய பனி. வேலை முடிந்து லாரியைக் கொட்டகையில் விட்டவர், முன்சக்கரத்துக்கு மேலே தகரத்தைக் கையுறையால் துடைத்தார். தெறித்த பனிச்சேறு காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. துடைத்த கை அப்படியே நின்றது. ஈரம் முழுக்கப் போயிருக்கிறது. உப்பு மட்டும் போகவில்லை.

"என்ன கேப்டன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"உப்பு இங்கதான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

வீட்டில் உப்பளக்கும் கருவியை முக்கினார். முள் உச்சியில் போய் முட்டியது. நல்ல தண்ணீர் வாளியைத் தூக்கியவர், கவிழ்க்காமல் கீழே வைத்தார். திடீரென்று மாற்றினால் அதுவே மீனைக் கொன்றுவிடும். காபிக் கோப்பையை எடுத்து, தொட்டியிலிருந்து ஒரு கோப்பை வெளியே, வாளியிலிருந்து ஒரு கோப்பை உள்ளே.

"அவ்ளோதானா? மூச்சு வாங்குது பாரு, இன்னும் ஊத்தேன்!" மேவிஸ் வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

"தாங்காது மேவிஸ். மெதுவாத்தான்."

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. அவர் லாரியில் இருக்கும் நேரங்களில் மேவிஸ் கோப்பையை எடுத்தாள். மதிய வெளிச்சம் பனியில் பட்டு நீலமாகக் கூடத்துக்குள் வந்தது. தொட்டி எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நீலம். முள் இறங்கியது, ஒரு மயிரளவு, பிறகு இன்னொரு மயிரளவு.

ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் ஒரு சிட்டிகை இரை போட்டாள். மீன் மூலையை விட்டு வந்து ஒன்றைக் கவ்வியது. உடனே துப்பியது.

"துப்பிடுச்சே, ஆர்லன்."

"பொறு."

துப்பியது தண்ணீரில் மெல்லச் சுழன்று இறங்கியது. மீன் அதன் பின்னாலேயே போய் மறுபடி கவ்வியது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

மேவிஸ் இரை டப்பாவை மூடி வைத்தாள். பிறகு இடுப்பால் அவரை இடித்தாள்.

"நகரு. நானும் உக்காரணும்."