மரகதத்தின் வாசற்கதவு

கரடியைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? பலாப்பழத்தை ஆலயத்துக்குள் வைத்துப் பூட்டியது மரகதம்தான்.

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஓரத்தில் நிற்கும் சின்னத் தகரக்கூரைக் கிறிஸ்தவ ஆலயம் அது. விளைந்ததைக் கடவுளுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முதல் நாளே ஏலத்துக்கான காணிக்கைகள் வந்து குவிந்துவிடும். கேரட், முட்டைக்கோஸ், வாழைத்தார், ஒரு பாட்டில் தேன். ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கும் மரகதம், போன வருஷம் பர்லியாரிலிருந்து வந்த பழுத்த பலாவையும் உள்ளே உருட்டிவிட்டுப் பூட்டினாள்.

"சாமி ஊட்டுல வெச்சத யாரு தொடப்போறா?"

விடிந்து பார்த்தால் கதவு பிளந்து கிடக்கிறது. பலாவில் தோல்தான் மிச்சம். அடப்பாவி, தேனைக்கூட விட்டுவைக்கவில்லை!

ருசி கண்ட கரடி மறுபடியும் வந்தது. வாசலில் கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. "புதுக் கதவுக்குக் கேட்டிருக்கேங்க, நாளாகும். அதுவரைக்கும் சாயங்கால ஜெபம் வேண்டாம்" என்றார் போதகர்.

மரகதம் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு சுவரில் சாய்ந்து நின்றது.

நல்ல தேக்கு. பழைய துரை பங்களாவை இடித்தபோது அவள் கணவர் ரொனால்ட் கேட்டு வாங்கியது. மூடுபனியில் கூட்டாளிகளோடு அதைச் சுமந்துகொண்டு, வழுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். "கதவு வந்திருச்சு புள்ள, ஊடு பொறத்தால வரும்" என்றார்.

லயத்தில் எல்லாருக்கும் ஒரே நீள வராந்தா. யார் வாசல் எது என்று காலுக்குத் தெரியாது. மரகதத்தின் கனவு ஒன்றும் பெரிதில்லை. சொந்த வாசலில் நின்று, வருகிறவர்களை "வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். இத்தலாரில் இடம் பார்த்தார்கள், கைகூடவில்லை. பிறகு ரொனால்டுக்கு நெஞ்சுவலி வந்தது. வீடு வராமலே மனிதர் போய்ச் சேர்ந்தார்.

உயிரோடு இருந்தவரை, ஃபேக்டரி விட்டு வந்ததும் ரொனால்ட் நேராகக் கட்டிலுக்குப் பின்னால் போய், அந்தக் கதவைத் தட்டி, "ஏனுங்க, ஊட்டுல யாருங்க?" என்று கேட்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

"ஆண்டவரே, ஊடு கேட்டேன், நீங்க குடுக்கல. இப்ப கதவையும் கேக்கறீங்களா? இது நியாயமா?"

சண்டை போட்டாள். வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோதுதான் உறைத்தது. ரொனால்ட் போன பிறகு அவள் பாரத்தை இறக்கி வைத்த இடம் எது? கடவுளோடு கோபித்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்தது, பக்கத்து வீட்டு வாசுகியின் தோளில் சாய்ந்தது, பல மாதம் கழித்து முதல்முறையாகச் சிரித்தது, எல்லாம் அந்தத் தகரக்கூரைக்குக் கீழேதான்.

மறுநாள் அவளே ஆள் கூப்பிட்டுக் கதவைத் தூக்கிக் கொடுத்தாள். தச்சர் இருளப்பன் நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கக்கா, அடியில கொஞ்சம் அறுக்கோணுமே. மனசு வருமா?"

"அறுங்க தம்பி. இன்னொருக்கா கேட்டீங்கன்னா மனசு மாறிரும்."

அறுத்த துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய் ரொனால்டின் படத்துக்குக் கீழே பலகையாக அடித்துக்கொண்டாள். கட்டிலுக்குப் பின்னால் சுவர் வெறிச்சென்றுதான் இருந்தது. சில நாள் அந்தப் பக்கம் திரும்பியே அவள் படுக்கவில்லை.

இந்த வருஷம் பலாப்பழம் பண்டிகையன்று காலையில்தான் ஆலயத்துக்குள் போனது. கரடியிடம் பட்டது போதும். மரகதம் மணியடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஜனங்கள் படியேறினார்கள். முன்னால் வந்த வாசுகி கையில் முட்டைக்கோஸோடு, மரகதம் வழிவிடுவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மரகதத்தின் கை கதவைப் பிடித்திருந்தது.

"வாங்க" என்றாள். கதவை அகலத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்க."