இரண்டு சக்கர ஹுவைஷில்

எங்கள் பாலைவனத்துப் பிதியா மணல்மேடுகளில் ஃபோர் வீல் போட்டு, அதாவது நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்து, ஏறுகிறவனுக்கு எங்கள் ஆட்கள் பாதி மரியாதைதான் தருவார்கள். போடாமலே ஏறுகிறவன் என்று ஊரில் ஒருவன்தான் இருந்தான். என் பெரியப்பா மகன் ஹுவைஷில்.

"அந்த ஃபோர் வீல் லிவரை நான் தொட்டதே இல்ல. வண்டியோட சும்மா வந்த சாமான் அது" என்பான். கல்யாண வீட்டில் காப்பிக் கிண்ணம் சுற்றுக்கு வந்தால் இந்தப் பேச்சும் கூடவே சுற்றும். ஒட்டக வியாபாரத்தில் அவன் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் அவன் சொத்து. அது போனால் சபையில் அவன் வெறும் ஆள். இது அவனுக்கும் தெரியும்.

போன கோடையில் ஆடுகள் இருக்கும் முகாமுக்குத் தண்ணீர் ஏற்றிப் போனபோது வண்டி பாதி மேட்டில் புதைந்தது. அவன் மைத்துனன் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தான். அன்றுதான் முதல்முறையாக ஃபோர் வீல் போட்டுப் பார்த்ததாகவும், தொடாமலே கிடந்ததால் துருப்பிடித்து இறுகிவிட்டதாகவும் ஹுவைஷில் பட்டறைக்காரன் கல்ஃபானிடம் சொன்னான்.

அப்படி இறுகுவதும் உண்டுதான். கல்ஃபான் அதை நம்பி எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு நேரத்தைப் பாழாக்கினான். லிவரோ வெண்ணெயில் போவதுபோல் போய் வந்தது. முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டு மட்டும் சுற்றவில்லை. ஃபோர் வீல் போட்டால் முன்பலகையில் எரிகிற விளக்கும் எரியவில்லை. ஏன் என்று பார்க்க அந்தப் பலகையைக் கழற்றினால், உள்ளே பல்பே இல்லை. யாரோ பதமாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். கல்ஃபான் ஹுவைஷிலைப் பார்த்தான். ஹுவைஷில் பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

கடைசியில் கியர்ப்பெட்டியைப் பிரித்தார்கள். வேடிக்கை பார்க்க நாங்கள் பாதி ஊர் கூடியிருந்தோம். முகாமில் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லை என்று வண்டியைக் கேட்டு ஹுவைஷிலின் மனைவி நஸ்ராவும் வந்து நின்றாள். லிவரைப் போட்டால் ஃபோர் வீல் கியரைத் தள்ளுகிற கவைபோன்ற இரும்பு வெளியே வந்தது. துரு ஒரு பொட்டு இல்லை. தகடாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் போட்டு எடுத்தால்தான் அப்படித் தேயும்.

கல்ஃபான் நல்லவன். "துருதான்" என்று சொல்லி அதைத் துணியில் சுருட்டப் பார்த்தான். நஸ்ரா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எங்கள் பெண்களும் வண்டி ஓட்டுகிறவர்கள்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு மேட்டடியிலயும் பாரம் கொறையணும், எறங்குன்னு சொல்வியே. வயித்துல புள்ளையோட நடந்து ஏறுனேன். கொதிக்கிற மணல்ல ஏறுனேன். பாரத்துக்கு இல்ல, நீ லிவர் போடுறதை நான் பாக்கக் கூடாதுன்னு எறக்கிவிட்டிருக்க."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். நானும்தான். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஹுவைஷில் தலை நிமிராமல் சொன்னான்: "நீ வெளிய சொல்லிடுவியோன்னு பயம்."

"நானா? ஊர்ல உன் பேரை என்னைவிடப் பெருமையா யாரு சொல்லிட்டுத் திரிஞ்சது?"

இரும்பை அவன் கையில் வைத்துவிட்டு, புதுசு எப்போது வரும் என்று கல்ஃபானிடம் கேட்டாள். கல்ஃபான் சொன்ன நாள்வரை ஆடுகள் தாங்காது. மைத்துனனின் வண்டியைக் கேட்டு வாங்க அவள் கிளம்பிவிட்டாள்.