புதிய துணியைப் பழசாக்குதல்

நாங்கள் புதிய காற்சட்டைகளைப் பழசாக்குகிறோம். அதற்குத்தான் சம்பளம். தொழிற்சாலையின் கழுவும் பகுதியில், வெதுவெதுப்பான, லேசாய்ப் புளித்த தண்ணீருக்குள் நொதியத்தை, என்சைமை, ஊற்றுவோம். பங்கசிலிருந்து, அதுதான் பூஞ்சணத்திலிருந்து, எடுப்பது. உக்கிய மரத்தைத் தின்று பழகிய பங்கசு அது. பருத்தி நூலின் மேல்மயிரைக் கொறிக்கும், நீலம் வெளிறும், யாரோ பல காலம் உடுத்தியதுபோல் டெனிம் இளகும். முன்பெல்லாம் கல்லைப் போட்டு உருட்டிச் செய்த வேலை. நேரம் வந்ததும் கொதிநீர் விட வேண்டும். சூட்டில்தான் நொதியம் சாகும். விடாவிட்டால் தின்றுகொண்டே இருக்கும்.

மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். லீவில் வருகிறேன் என்றிருந்தாள். புதுப் பெட்ஷீட் அவளுக்கு ஆகாது, முதுகைச் சுரண்டுகிறது என்பாள். மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு சின்னப் போத்தலில் நொதியம் வாங்கினேன்.

"மனிசி வாறா எண்டதும் பெட்ஷீட்டுக்கும் வைத்தியம் பாக்கிறார்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் அவர்.

ஞாயிறு காலை, வாளித் தண்ணீரில் நொதியத்தோடு கொஞ்சம் வினாகிரியும் விட்டு, புதுப் பெட்ஷீட்டை ஊறவைத்துக் கசக்கினேன். வாளியில் விடவென்று குசினியில் வைத்த கேத்தல் கொதிக்கத் தொடங்கியபோது அவள் அழைத்தாள். குவைத் வீட்டுக்காரி இப்போது லீவில் விடமாட்டாளாம். பிறகு எப்போது என்று கேட்டேன். தெரியாதாம்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் மேட்டில், யன்னலுக்குக் கீழே துறைமுகம். அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் ஊதியது.

"போனை யன்னலுக்கு வெளியில பிடியுங்கோ," என்றாள்.

பிடித்தேன். காற்று, காகம், யாரோ மேடேற்றும் மோட்டார் சைக்கிள், திரும்பவும் அந்தக் கப்பல். கை உளைந்தது. எடுக்கட்டுமா என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பிடியுங்கோ."

கேத்தல் வற்றட்டும் என்று விட்டேன்.

அவள் வைத்த பிறகும் யன்னலை விட்டு அகல மனம் வரவில்லை. வாளி நினைவுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெட்ஷீட் இளகித்தான் இருந்தது, தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்போல. பிழிந்தேன். விரல் உள்ளே போயிற்று.

அடுத்த முறை கதைக்கும்போது சொன்னேன். கனநேரம் சிரித்தாள். பிறகு, "புதுசா ஒண்டு வாங்கி வையுங்கோ. சொரசொரவெண்டே கிடக்கட்டும். நான் வந்து படுத்துப் படுத்துப் பழசாக்கிறன்," என்றாள்.

வாங்கி வைத்திருக்கிறேன். அலுமாரியில், கடை மடிப்புக் கலையாமல், கஞ்சி வாசத்தோடு. சில பின்னேரங்களில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சொரசொரவென்றுதான் இருக்கிறது.