முற்றத்தில் நிற்கும் கதவுநிலை

எங்கள் ஊர் மடத்துவெளியில் முதல் இரும்பு வீடு கட்டியவன் என்று என்னைப் பேசுவார்கள் என நினைத்திருந்தேன். இப்போது வழி கேட்பவர்களுக்கு, "முத்தத்திலை கதவுநிலை நிக்கிற வீடு" என்றுதான் சொல்கிறார்களாம்.

கொழும்பில் காலமெல்லாம் பிறருடைய கட்டிடங்களுக்குப் படம் கீறி ஓய்வு பெற்றவன் நான். சொந்தமாக ஒரு வீடு கீறக் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தூணும் கூரை வளையும் தொழிற்சாலையிலேயே வெட்டித் துளையிட்டு லொறியில் வரும். போல்ற்றைப் பூட்டி முறுக்கினால் வீடு. முன்பக்கம் முழுவதும் இழுத்துத் திறக்கும் கண்ணாடி. இதையெல்லாம் மனைவிக்கு விளக்கினேன். அவள் பாதியில் தூங்கிப்போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தென்பக்கத்து அறை அக்காவுக்கு. அத்தான் போனபின் அவர் பக்கத்து வளவில் தனியே இருக்கிறார். விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. அவரை எங்களோடு வைத்திருக்கத்தான் இந்த வீடே. படத்தை விரித்துக் காட்டினேன். குளியலறைக் கைபிடிவரை பார்த்துவிட்டு, "வாசல் எங்கை?" என்றார்.

கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது யன்னல். நிலை வைக்காத வீட்டுக்கு நான் வரமாட்டன் தம்பி."

எங்கள் பக்கத்தில் நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டிக் கதவுநிலையை நிறுத்துவார்கள். அதன்பிறகே சுவர் எழும். இரும்பு வீட்டுக்கு அது தேவையில்லை என்று அக்காவுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டவர், மறுநாளே வேப்பமரத்தில் ஒரு நிலைக்குத் தச்சரிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் கூடாது என்று சாத்திரியார் சொன்னதால், அத்திவாரம் வெட்ட முன்னரே நிலையை நட்டோம். எங்கே நடுவது என்று கேட்டார்கள். என் வீடு எனக்குத் தெரியாதா? கயிறு பிடிக்காமல், படத்தைத் திரும்பிக்கூடப் பாராமல், குதிக்காலால் மண்ணில் கோடிழுத்துக் காட்டினேன். பிறகு இரும்பு வந்து எழும்பியபோது, நிலை வீட்டுக்கு வெளியே, கண்ணாடிக்கு இரண்டு எட்டுத் தள்ளி முற்றத்தில் நின்றது. துளையிட்ட தூணை நகர்த்த ஏலாது. நாட்டிய நிலையைப் பிடுங்கவும் கூடாதாம்.

புதுவீட்டுக் குடிபூரலன்று வந்தவர்கள் எல்லோரும் சிரித்தபடி நிலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேலிக்கு வைத்தது என்று எண்ணி அக்கா திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் நிறைகுடத்தோடு வந்தார். நிலைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். வலதுகாலை எடுத்து வைத்து, அதனூடாக நடந்து வந்து, "யன்னலைத் திற" என்றார்.

திறந்தேன். அன்றிலிருந்து அக்கா எங்களோடுதான்.

நேற்று மழை. கடையிலிருந்து இரு கையிலும் பைகளோடு ஓடிவந்தவன், யாருமில்லை என்று நம்பி, சுற்றிப் போகாமல் நிலையடியில் செருப்பைக் கழற்றினேன். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் கதிரையில் இருந்திருக்கிறார்.

"தலை இடிபடும், குனிஞ்சு வா."

குனிந்துதான் போனேன்.