கை எட்டாத இடத்தில் ஒரு வெட்டு

மூன்று வாரத்துக்கு முன்னால் என் முதுகில் கத்தி இறங்கியது. துரோகம் எதுவும் இல்லை... என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முறையாக, ஒரு டாக்டர்தான் இறக்கினார்.

சீழ்க்கட்டி. இரண்டு தோள்பட்டைக்கும் நட்ட நடுவில். மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து விட்டாலும் எட்டாது. உடம்பில் இவ்வளவு இடம் இருக்க, இதையா தேர்ந்தெடுத்தது? எனக்கு சுகர் வேறு. இங்கே அந்தமானில், புரோத்ராபூரிலிருந்து பஸ் பிடித்து, சீட்டில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு சிஸ்டர். பெயர் ஜெயா, இங்குள்ள லாங் ஐலண்ட் தீவில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஃபார்மை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"கூட யாரு வந்திருக்கா, அங்கிள்?"

"யாரும் வரலம்மா. வீட்ல மெயின்லேண்ட் போயிருக்காங்க."

சிஸ்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தமானில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். பிரசவம், பரீட்சை, வைத்தியம், சொத்துத் தகராறு, புருஷனோடு சண்டை — எதற்காகக் கடல் தாண்டிப் போனாலும் இங்கே அதற்கு ஒரே பெயர்தான். மெயின்லேண்ட் போயிருக்காங்க. இதைவிட வசதியான வாக்கியம் எந்த ஊரில் உண்டு?

டாக்டர் திருநெல்வேலிக்காரர். வயது முப்பதுக்குள். என்னைக் குப்புறப் படுக்க வைத்து மரத்துப்போக ஊசி போட்டார். மரக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில் நான் ஒரு விண்ணப்பம் வைத்தேன்.

"டாக்டர், கொஞ்சம் தள்ளி, என் கை எட்டுற இடமாப் பாத்து வெட்ட முடியாதா?"

"கட்டி இருக்கிற இடத்துலதான சார் வெட்டணும்" என்று சிரித்தார். பிறகு, எனக்குப் பயம் என்று நினைத்தாரோ என்னவோ, கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கத்தி வைக்கிறவர்களுக்கும் இஷ்டத்துக்கு வைக்க முடியாதாம். அப்பெண்டிக்ஸ் என்றால் வலது அடிவயிற்றில் சின்னதாக ஒரு சாய்வு வெட்டு. பித்தப்பைக்கு முன்பெல்லாம் வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாக ஒரு நீள வெட்டு, இப்போது மூன்று நான்கு ஓட்டையோடு வேலை முடிந்துவிடுகிறது. தைராய்டுக்குக் கழுத்து மடிப்பை ஒட்டியே கீறுவார்கள், தழும்பு மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். சிசேரியனுக்குப் பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்கு வெட்டு. கிட்னிக்கு விலாப் பக்கமாகப் போவதுண்டு.

"அப்ப நடு வயித்துல, நேரா மேலேர்ந்து கீழ?" என்று தலையணைக்குள்ளிருந்தே கேட்டேன்.

"அது எமர்ஜென்சிக்கு சார். ரத்தம் அவ்வளவா போகாது, சட்டுனு உள்ள போயிடலாம். மேலயும் கீழயும் நீட்டிக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு சரியாத் தெரியாதப்பவும் அதான். தொப்புளை மட்டும் சுத்திப் போவோம்."

தெரியும். இடது பக்கமாகச் சுற்றிப் போகும்.

கட்டியைக் கீறி, சீழை எடுத்து, குழியில் நாடா மாதிரி துணியைத் திணித்தார்.

"தையல் போடலியா?"

"இதைத் தைக்கக் கூடாது சார். மேல மூடிட்டா உள்ள மறுபடி சீழ் கட்டும். திறந்து விட்டாத்தான் அடியிலேர்ந்து ஆறி வரும்."

தினமும் துணி மாற்ற வேண்டும். ஜெயா சிஸ்டர் நல்ல மனசோடு, தீவு வழக்கப்படி இந்தியும் கலந்து, ஒரு வழி சொன்னார்.

"தினம் எதுக்கு பஸ்ல அலையறீங்க அங்கிள்? ஆன்ட்டி வந்ததும் கூட்டிட்டு வாங்க. பத்து மினிட்ல காயத்துக்குப் பட்டி கட்டக் கத்துக் குடுத்துடறேன். கப் ஆயேகி? எப்ப வர்றாங்க?"

"அடுத்த கப்பல்ல" என்றேன். கப்பலின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். என் வாய் இருக்கிறதே!

மறுநாள் ஞாயிறு. ஒரு நாள் நாமே சமாளித்தால் என்ன? பீரோக் கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டி நின்று, கையில் ஷேவிங் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முயன்றேன். காயம் தெரிந்தது. கை போய்ச் சேரவில்லை. சீப்பு நுனியில் துணியைச் சுற்றிப் பார்த்தேன்... வேண்டாம், அதை விவரிக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். அவர்களுக்கு என் வீட்டு விஷயம் தெரியும், என்னைப் போலவே அதைப் பேசாமலும் இருப்பவர்கள். ஆனால் சட்டையைக் கழற்றி அழுகிய முதுகைக் காட்ட ஓர் உரிமை வேண்டாமா? கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வலி பெரிதாக இல்லை. வீட்டில் என்னைத் தவிர இரண்டு கை இல்லை, அதற்குத்தான் அழுதேன்.

திங்கட்கிழமை பழைய துணியோடு போய் நின்றேன். ஜெயா சிஸ்டர் திட்டவில்லை. பின்னால் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

"அங்கிள், நீங்க சொன்ன கப்பல் ரிப்பேருக்கு டிரை டாக் போயி பத்து நாளாச்சு. என் தம்பி அதுலதான் வேலை பாக்கிறான்."

தீவில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். கப்பலைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. நாற்பது வருஷம் இங்கே இருந்தவனுக்கு இது மறந்துபோயிற்று பாருங்கள்.

முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது சுலபமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வயிற்று வலி என்று என் மனைவி கோமதியைச் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அந்த நடு வெட்டுதான் போட்டார்கள். திறந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்தான் தினமும் காயத்தைத் துடைத்துத் துணி மாற்றினேன். "பத்திரிகைக்குப் பத்தி எழுதுற அவசரத்துல பண்ணாதீங்க, மெதுவா" என்பாள். தையல் பிரித்த இடம் ஆறிவிட்டது. அவள் பிழைக்கவில்லை. அஸ்தியை அங்கேயே கடலில் கரைத்துவிட்டுத் தனியாகக் கப்பலேறி வந்தேன். துறைமுக ஜெட்டியில் தெரிந்தவர் ஒருவர், "ஆன்ட்டி வரலியா?" என்று கேட்டார். மெயின்லேண்ட்ல இருக்காங்க என்று வாயில் வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஜெயா சிஸ்டர் பிளாஸ்டரை ஒட்டி, அதன் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "நாளைக்கு எட்டரைக்கே வந்துடுங்க அங்கிள், ஓபி கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி. சாய் குடிச்சிட்டுப் போலாம்." இரண்டு வாரம் அப்படியே போனேன். காயம் அடியிலிருந்து ஆறி வந்தது.

சிஸ்டரிடம் சொல்லியாயிற்று. இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது.

இதே பத்தியில் போன மழைக்கு, ஜன்னலைச் சாத்தவில்லை என்று கோமதி என்னைத் திட்டினாள். சௌல்தாரியில் விளைந்த கத்திரிக்காய் முற்றல் என்று முகம் சுளித்தாள். போன மாதம்கூட என் புதுச் சட்டையைப் பார்த்து, "யாரு எடுத்துக் குடுத்தா இதை?" என்றாள். இரண்டு வருஷமாக இங்கே அவள் பேசியதெல்லாம் நான் எழுதியது. மன்னித்துவிடுங்கள். வேறெங்கும் அவளைப் பேசவைக்க எனக்குத் தெரியவில்லை.

எனவே, ஒவ்வொரு கடிதத்திலும் "மேடம் நலமா?" என்று விசாரிக்கும் வாசகர்களே... இனி அதை விட்டுவிட்டு, முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.