இரண்டாம் முறை

ஆனையூரில் மாதாமாதம் எனக்கு பிரஷர் பார்க்கும் டாக்டர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, எந்நேரமும் தூக்கம் போதாத கண்கள். அப்போதெல்லாம் யாருக்கும் ஒரே முறை பார்த்து எழுதிவிடமாட்டார். பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்து, அந்த அளவைத்தான் எழுதுவார். “மொதத் தடவை காட்டுறது வெறும் பயம் சார்” என்பார்.

எல்லையில் சண்டை நடந்த நாட்களில், எனக்கு முன்னால் வாடிப்பட்டியிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். மகன் சிப்பாய். விடுப்பை ரத்து செய்து உடனே திரும்பச் சொல்லிவிட்டார்களாம். காலையிலிருந்து அவனுக்குத் தலைசுற்றல். டாக்டர் பார்த்தபோது பிரஷர் எக்கச்சக்கமாக இருந்தது.

“இதையே எழுதிக் குடுங்கய்யா. ஒரு பத்து நாளு எங்கூடக் கெடக்கட்டும்” என்று அந்த அம்மா கும்பிட்டார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். வெகுநேரம் எழுதவில்லை. பிறகு மூடிவிட்டு, “வெளிய செத்த உக்காருப்பா” என்றார்.

இரண்டாம் முறை சரியாக இருந்தது. பணிக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். அவன் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தான். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்து நான். ஒரே முறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

“இன்னொரு தடவை பாக்கலையா டாக்டர்?”

கையில் சுற்றிய பட்டையை நிதானமாகக் கழற்றினார்.

“பயமும் வியாதிதானே சார்?” என்றார்.

அதன் பிறகு அவர் யாருக்கும் இரண்டாம் முறை பார்த்து நான் கண்டதில்லை.