அண்ணன் கையளவு

என் மேசை இழுப்பறையில் சாம்பல் நிறக் கம்பளி நூல் உருண்டை ஒன்று கிடக்கிறது. கையில் எடுத்தால் நூல் அலை அலையாகச் சுருண்டிருக்கும். ஒருமுறை பின்னிப் பிரித்த கம்பளி அப்படித்தான். நனைத்து, இழுத்துக் கட்டி, வெயிலில் காயப் போட்டால்தான் நேராகும். இதை எனக்குச் சொன்னது மயினி, என் அண்ணன் மனைவி. அவளை இதைப் பிரிக்க வைத்தது நான்.

முப்பத்தொன்பதில் உலகச் சண்டை மூண்டபோது நாகர்கோவிலில் எனக்கு ஒரு பெரிய உத்தியோகம் கிடைத்தது, பி.ஏ. தேறாதவனுக்கு எது கிடைக்குமோ அது. எங்கள் சர்ச்சை ஒட்டிய கூடத்தில் இருபது பெண்கள் லேஸ் பின்னுவார்கள். விமானப்படைக்காரர்களுக்குக் குல்லாயும் கையுறையும் வேண்டுமென்று மிஷன் துரைசாணி அம்மா கம்பளி நூலைக் கொண்டுவந்து இறக்க, லேஸ் வேலை ஓய்ந்தது. இங்கிலீஷில் இருந்த பின்னல் குறிப்பை வாசித்துச் சொல்வதும், பின்னி வந்ததைச் சரிபார்த்துப் பெட்டி கட்டுவதும் என் பொறுப்பு. கூடத்திலிருந்த ஒரே ஆண்பிள்ளை நான் என்பதால் கையுறைக்கு அளவும் என் கைதான். பேனா பிடித்தாலே நோகிற கை அது.

குளிர் என்றால் எங்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான். அதற்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்வோம். ஆகவே முதலில் வந்த குல்லாய்களில் எல்லாம் லேஸில் விடுவதுபோலப் பூப்பூவாய் ஓட்டை விட்டிருந்தார்கள். என்ன இது என்று கேட்டேன். "காத்து போவ வேண்டாமா மக்கா? தலை வெந்து போவும்லா!" என்றாள் அங்கே மூத்தவள். சிரித்துச் சிரித்து அத்தனையையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து திருப்பிக் கொடுப்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

பிறகு ஒருநாள், அதே கூடத்தில் பின்னிக்கொண்டிருந்த மயினி ஒரு சோடி கையுறையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் என் இரண்டு கையும் நுழையும். "மயினி, இது விமானம் ஓட்டுறவனுக்கா, விமானத்துக்கா?" என்றேன். கூடமே சிரித்தது. "ஏட்டி, ஆனைக்கால் கண்டிருக்கேன், ஆனைக்கையும் உண்டா?" என்று மூத்தவள் தன் பங்கைப் போட்டாள். மயினி குனிந்தபடி, "அளவு சரிதான் தம்பி" என்றாள். "குறிப்புல இல்லாத அளவு, பிரிச்சிருங்க" என்றேன். நூலைச் சுற்ற என் கைகளை நீட்டச் சொன்னாள். பெருமையாக நீட்டிக்கொண்டு நின்றேன்.

கட்டினவனுக்காகப் பின்னியது என்று இருபது பேர் சிரிக்கும்போது அவள் எப்படிச் சொல்வாள்? கல்யாணமாகி எட்டு மாதம்; அதில் அண்ணன் வீட்டில் இருந்தது இரண்டே மாதம். தக்கலை பஸ்களுக்கு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, வடமேற்கு மலைப்பக்கம் போயிருந்தான். அந்த முறை கட்டிய பெட்டி அவன் முகாமுக்குத்தான் போயிற்று. விலாசம் எழுதியவனே நான். அண்ணன் கையின் அளவும் எனக்குத் தெரியாததா? மயினிக்கு முன்பே என் கன்னத்துக்குப் பழக்கமான கையாயிற்றே. ஆனால் வாயில் பகடி வந்துவிட்டால் எனக்கு வேறொன்றும் ஓடாது.

ஒரு மாதத்தில் அண்ணன் கடிதம் வந்தது. மயினிக்கு நான்தான் வாசித்தேன். "குல்லாய் அருமை. கையுறைதான் விரலோடு நின்றுவிட்டது. நம்ம தம்பி கையளவோ? இங்கே விடியக்காலையில் எஞ்சினைக் கிளப்ப விமானத்தின் முன்விசிறியைக் கையால் சுற்றவேண்டும். கை மரத்துப் போகிறது." முதல் பாதிவரை சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

"இப்பமே பின்னுங்க மயினி, நாளைக்கே அனுப்பிருவேன்" என்றேன்.

"நூலு சுருண்டு கெடக்கு தம்பி. நனைச்சுக் காயாம பின்னினா அளவு நிக்காது."

கூடத்தில் புது நூல் தீர்ந்திருந்தது. இருந்தது அந்த உருண்டை ஒன்றுதான். கார்த்திகை மழை விடவில்லை. காலையில் எழுந்ததும் மயினி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல் நானும் பார்ப்பேன். வெயில் வருமுன் அண்ணன் இறந்த தந்தி வந்தது. கூட வேலை செய்தவர் பிறகு எழுதினார்: விசிறியைச் சுற்றியபோது எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டதாம், விறைத்த கையை அவனால் உடனே எடுக்க முடியவில்லையாம்.

மயினி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவளோ புது நூல் வந்ததும் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அளவுக்கு என் கையைக் கேட்கவில்லை. சண்டை முடியும்வரை அவள் பின்னிய சோடி எல்லாம் அந்தப் பெரிய அளவுதான். எந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் தொளதொளத்தனவோ, தெரியாது. ஒன்றையும் நான் திருப்பவில்லை. கூடத்தில் யாரும் சிரிக்கவுமில்லை.

போன மாதம் மயினியை அடக்கம் செய்தோம். அவள் டிரங்குப் பெட்டியின் அடியில், அண்ணன் கடிதத்தோடு இந்த உருண்டை இருந்தது. அவள் இதைக் கடைசிவரை நனைக்கவே இல்லை. இன்று முற்றத்தில் நல்ல வெயில். ஒரு சட்டி தண்ணீர் போதும், நூல் நேராகிவிடும். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இழுப்பறையில் திரும்ப வைத்தேன்.